பழைய புல்லட் ஏன் நடுங்கியது, புதியது ஏன் நடுங்குவதில்லை

புல்லட்டைப் பற்றிப் பேச்சு எழுந்தால் உடனே இரண்டு கட்சிகள் கிளம்பிவிடும். "பழைய வண்டியிலதான் அந்த ஃபீல் இருந்துச்சு, புதுசுல அது போயிடுச்சு" என்பது ஒரு கட்சி. "அந்த ஃபீலோட பாண்டிச்சேரி வரைக்கும் போய்ப் பாரு, பத்து விரலும் மரத்துப்போகும்" என்பது இன்னொரு கட்சி. இரண்டு பேருமே தங்கள் உடம்பில் உணர்ந்ததைத்தான் சொல்கிறார்கள், யாரும் பொய் சொல்லவில்லை. ஆனால் 'வைப்ரேஷன்' என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு இருவரும் வேறு வேறு விஷயங்களைப் பேசுகிறார்கள்.

இந்தக் கட்டுரைக்கு ராயல் என்ஃபீல்டின் 350 சிசி வண்டிகளையே எடுத்துக்கொள்கிறேன். மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ரெட்டிச் ஊர் ராயல் என்ஃபீல்டும் சேர்ந்து 1955-இல் என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. திருவொற்றியூரில் ஆரம்பித்த அந்தக் காலத்திலிருந்து இன்று வரை புல்லட் 350-க்கு ஒற்றை சிலிண்டர்தான். எஞ்சினின் அளவும் வண்டியின் உருவமும் பெரிதாக மாறவில்லை, உள்ளேதான் மாறியிருக்கிறது. பழசையும் புதுசையும் பக்கத்தில் நிறுத்திப் பார்க்க இதைவிட நல்ல ஜோடி கிடைக்காது.

ஒரே பெயரில் மூன்று சங்கதிகள்

வண்டி ஓட்டும்போது உடம்புக்கு வந்து சேரும் அசைவுகளை மூன்றாகப் பிரிக்கலாம்.

முதலாவது, எஞ்சினுக்குள் பிஸ்டன் மேலும் கீழும் ஓடுவதால் வரும் உதறல். இதை இந்தக் கட்டுரை முழுவதும் 'நடுக்கம்' என்று சொல்லப்போகிறேன். கண்ணாடியில் பின்னால் வரும் லாரி கலங்கித் தெரிவதற்கும் விரல் மரத்துப்போவதற்கும் இதுதான் காரணம்.

இரண்டாவது, சிலிண்டருக்குள் பெட்ரோல் ஒவ்வொரு முறை எரியும்போதும் கிடைக்கும் தள்ளல். 'டப்... டப்...' என்று காதிலும் நெஞ்சிலும் கேட்பது இதுதான். இதற்குத் 'துடிப்பு' என்று பெயர் வைத்துக்கொள்வோம்.

மூன்றாவது சாலையிலிருந்து வருவது. பள்ளம், மேடு, வேகத்தடை. இது 'குலுக்கல்'.

இந்த மூன்றும் பிறக்கும் இடம் வேறு, உடம்பில் படும் இடம் வேறு, சரிசெய்யும் வழியும் வேறு. பழைய வண்டிக்காரர் ஏங்குவது பெரும்பாலும் துடிப்புக்காக. புதிய வண்டிக்காரர் தப்பித்தேன் என்று சொல்வது நடுக்கத்திலிருந்து. முதுகு வலிக்கிறது என்று புலம்புபவர் பேசுவது குலுக்கலைப் பற்றி.

பிஸ்டன் ஏன் வண்டியை உலுக்குகிறது

வீட்டு ஊஞ்சலில் கால் தரையில் படாமல் உட்கார்ந்துகொள்ளுங்கள். கையில் ஓர் அம்மிக் குழவி. அதை மார்புக்கு அருகே பிடித்துச் சட்டென்று முன்னால் தள்ளி, கை முழுவதும் நீண்டதும் மறுபடி உள்ளே இழுங்கள். குழவி முன்னால் போகும்போது ஊஞ்சல் பின்னால் நகரும். இழுக்கும்போது முன்னால் வரும். யாரும் ஊஞ்சலைத் தொடவில்லை, ஆனாலும் அது ஆடுகிறது. வெறும் டம்ளரை வைத்துச் செய்தால் ஆட்டம் தெரியவே தெரியாது. குழவியை இன்னும் வேகமாக முன்னும் பின்னும் இழுத்தால் பலகை உதறும்.

எஞ்சினில் குழவியின் வேலையைப் பிஸ்டன் செய்கிறது. பிஸ்டன் என்பது சிலிண்டருக்குள் மேலும் கீழும் ஓடும் உலோகக் கட்டி. அதன் கீழே கனெக்டிங் ராடு என்ற தண்டு, அந்தத் தண்டுக்குக் கீழே கிராங்க் என்ற சுழலும் அச்சு. மேலும் கீழும் ஓடும் ஓட்டத்தை இந்தக் கிராங்க்தான் சுழற்சியாக மாற்றிச் சக்கரத்துக்கு அனுப்புகிறது. ஊஞ்சல் பலகையின் இடத்தில் எஞ்சினும், அதோடு போல்ட் போட்டுப் பிணைத்த சேசிஸும் (வண்டியின் சட்டகம்), அதன்மேல் உட்கார்ந்திருக்கும் நீங்களும்.

ஓடும் பொருள் ஓடிக்கொண்டே இருக்கவும், நிற்கும் பொருள் நின்றுகொண்டே இருக்கவும் பார்க்கும். இதைப் பள்ளிப் பாடத்தில் நிலைமம் என்று படித்திருப்போம். மேலே ஓடிப்போகும் பிஸ்டனை உச்சியில் நிறுத்த வேண்டும், உடனே கீழே இழுக்க வேண்டும். அது நிற்க மறுத்து, எஞ்சினையே மேலே இழுக்கிறது. அடியில் வந்து நிற்கும்போது கீழே தள்ளுகிறது. ஒவ்வொரு சுற்றிலும் ஒரு மேல் இழுப்பு, ஒரு கீழ்த் தள்ளல். நடுக்கம் என்பது இவ்வளவுதான்.

இங்கே கவனிக்க வேண்டியது, இதில் பெட்ரோல் எரிவது பற்றிய பேச்சே இல்லை. எஞ்சினை நிறுத்திவிட்டு வேறொரு மோட்டாரால் கிராங்கைச் சுற்றினாலும் இதே நடுக்கம் வரும். "பவர் அதிகம், அதனால்தான் நடுங்குது" என்ற பேச்சு தவறு என்பது இங்கேயே தெரிந்துவிடுகிறது.

60-இல் சுகம், 90-இல் வேதனை

பழைய புல்லட் 350-இன் சிலிண்டர் விட்டம் 70 மி.மீ., பிஸ்டன் ஓடும் தூரம் 90 மி.மீ. மொத்தம் 346 சிசி. பிஸ்டன் ஓடும் தூரத்துக்கு ஸ்ட்ரோக் என்று பெயர்.

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். கிராங்க் நிமிடத்துக்கு எத்தனை முறை சுற்றுகிறது என்பதை ஆர்பிஎம் என்ற எண் சொல்கிறது. 3000 ஆர்பிஎம் என்றால் நொடிக்கு 50 சுற்று. 90 மி.மீ. ஸ்ட்ரோக் உள்ள எஞ்சினில், அந்த வேகத்தில் பிஸ்டனை உச்சியில் நிறுத்தித் திருப்பத் தேவைப்படும் முடுக்கம், கனெக்டிங் ராடின் சாய்வைக் கணக்கில் சேர்க்காமலே, புவியீர்ப்பைப்போல ஏறக்குறைய 450 மடங்கு. பிஸ்டனும் அதோடு சேர்ந்து ஓடும் மற்றவையும் அரைக் கிலோ என்று கணக்குக்காக வைத்துக்கொண்டால், 225 கிலோ மூட்டையைத் தூக்கும் அளவு விசை எஞ்சினை இழுக்கிறது. நொடிக்கு 50 முறை மேலே, 50 முறை கீழே.

அடுத்தது இன்னும் முக்கியம். இந்த விசை ஆர்பிஎம்மோடு நேராகக் கூடுவதில்லை, அதன் இருமடியாகக் கூடுகிறது. ஆர்பிஎம் இரண்டு மடங்கானால் விசை நான்கு மடங்கு. ஒரே கியரில் மணிக்கு 60 கிலோமீட்டரிலிருந்து 90-க்குப் போனால் ஆர்பிஎம் ஒன்றரை மடங்குதான் கூடும், நடுக்கும் விசையோ இரண்டேகால் மடங்காகிவிடும். மேலே பார்த்த 225 கிலோ 500 கிலோவைத் தாண்டிவிடும்.

பழைய புல்லட்டை வைத்திருந்த பெரியவர்கள் "அறுபதுல போனா சும்மா மிதக்கும்" என்று சொல்வது முழு உண்மை. அந்த வேகத்தில் எஞ்சின் மெதுவாகச் சுற்றுகிறது, நடுக்கும் விசை சிறியது. அந்தக் காலத்து இரண்டு வழிச் சாலைகளுக்கு அதற்கு மேல் தேவையும் அதிகம் இருக்கவில்லை. நான்கு வழிச் சாலைகள் வந்து, மணிக்கணக்கில் 90-இல் ஓட்ட ஆரம்பித்த பிறகுதான் அந்த எஞ்சினின் எல்லை எல்லோருக்கும் உறைத்தது.

இதுவரை பார்த்ததைச் சேர்த்துச் சொன்னால்: நடுக்கம் பிஸ்டனின் எடையாலும் ஸ்ட்ரோக்காலும் ஆர்பிஎம்மாலும் வருகிறது. மூன்றில் ஆர்பிஎம்தான் பெரிய ஆள்.

பழைய எஞ்சினில் இருந்த பாதி மருந்து

அப்படியானால் பழைய காலத்துப் பொறியாளர்கள் இதைச் சும்மா விட்டுவிட்டார்களா? இல்லை. கிராங்கில், பிஸ்டன் தண்டு மாட்டியிருக்கும் பக்கத்துக்கு நேர் எதிரே கூடுதல் எடை வைத்தார்கள். பிஸ்டன் மேலே போகும்போது அந்த எடை கீழே இருக்கும், அதன் இழுப்பு பிஸ்டனின் இழுப்பைக் குறைக்கும். இதற்கு எதிர் எடை என்று பெயர்.

ஆனால் ஒரு சிக்கல். பிஸ்டன் நேர்க்கோட்டில் ஓடுகிறது, எதிர் எடை வட்டமாகச் சுற்றுகிறது. பிஸ்டன் உச்சியிலும் அடியிலும் இருக்கும்போது எதிர் எடை கச்சிதமாக உதவுகிறது. பிஸ்டன் நடுவில் இருக்கும்போதோ, எதிர் எடை முன்பக்கமோ பின்பக்கமோ வந்து நிற்கும். அதை எதிர்த்து இழுக்க அங்கே யாரும் இல்லை. பிஸ்டனின் இழுப்பு முழுவதையும் ரத்துசெய்யும் அளவுக்கு எதிர் எடை வைத்தால், மேலும் கீழும் இருந்த நடுக்கம் முழுவதும் முன்னும் பின்னுமாகத் திரும்பிவிடும். குறையவே குறையாது, திசை மட்டும் மாறும்.

ஆகவே சமரசம். பிஸ்டனின் இழுப்பில் ஏறக்குறைய பாதியை மட்டும் ரத்துசெய்யும் எடையை வைத்தார்கள். மேலும் கீழும் பாதி, முன்னும் பின்னும் பாதி. ஒற்றை சிலிண்டர் எஞ்சினில் கிராங்கை மட்டும் வைத்துக்கொண்டு செய்ய முடிந்தது அவ்வளவுதான். நடுங்கும் எஞ்சினைப் பார்த்து "மட்டமான தயாரிப்பு" என்று சொல்பவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். உலகிலேயே மிகத் துல்லியமாகக் கடைந்து கட்டினாலும், அந்த அமைப்பில் பாதி நடுக்கம் மிஞ்சத்தான் செய்யும்.

ஃப்ளைவீலைப் பற்றியும் இங்கே ஒரு வார்த்தை. கிராங்கோடு சேர்ந்து சுற்றும் கனமான சக்கரம்தான் ஃப்ளைவீல். "பழைய புல்லட்டில் ஃப்ளைவீல் கனம், அதனால் நடுக்கம் கம்மி" என்று அடிக்கடி சொல்லப்படுகிறது. ஃப்ளைவீல் சுழற்சியைச் சீராக்கும். ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் இடையில் எஞ்சின் சோர்ந்து நின்றுவிடாமல் தாங்கும். குறைந்த வேகத்தில் டாப் கியரிலேயே வண்டி இழுப்பது அதன் தயவுதான். ஆனால் பிஸ்டனின் மேல்கீழ் இழுப்பை ரத்துசெய்ய அதனால் முடியாது. இரண்டும் வேறு வேலைகள்.

மீதிப் பாதிக்கு வந்த மருந்து: பேலன்சர் ஷாஃப்ட்

பாதி எதிர் எடை வைத்த பிறகு மிஞ்சும் விசைக்கு ஓர் அழகான குணம் உண்டு. மேல்கீழாகப் பாதி, முன்பின்னாகப் பாதி என்று சொன்னோம் அல்லவா? இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், மிஞ்சியிருப்பது ஒரே அளவுள்ள ஒரு விசை, கிராங்க் சுற்றும் திசைக்கு நேர் எதிர்த் திசையில் அதே வேகத்தில் சுற்றிக்கொண்டிருக்கும். இதைக் காகிதத்தில் நான்கு நிலைகளுக்கு வரைந்து பார்த்தாலே தெரியும். எனக்கு எஞ்சின் பாடத்திலேயே மிகப் பிடித்த இடம் இது.

சுற்றும் விசையை ரத்துசெய்வது எளிது, சுற்றும் எடை ஒன்று போதும். கிராங்கோடு பல்சக்கரத்தால் இணைத்த இன்னொரு சிறு அச்சு. அதில் ஒரு பக்கம் மட்டும் எடை. கிராங்க் ஒரு சுற்று சுற்றினால் இதுவும் எதிர்த் திசையில் சரியாக ஒரு சுற்று சுற்றும். மிஞ்சிய பாதி விசை எந்தப் பக்கம் இழுத்தாலும், அந்த நொடியில் இந்த எடை அதற்கு எதிர்ப்பக்கம் இழுக்கும். இதுதான் பேலன்சர் ஷாஃப்ட்.

மறுபடி ஊஞ்சலுக்கு வந்தால், உங்கள் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து, நீங்கள் குழவியைத் தள்ளும் அதே கணத்தில் அதே எடையை உள்ளே இழுப்பதற்குச் சமம். இருவரும் உழைக்கிறீர்கள், பலகை அசையாமல் நிற்கிறது.

புல்லட் குடும்பத்தில் இது எப்போது வந்தது என்பதில் நிறையக் குழப்பம் இருக்கிறது. முதலில் வார்ப்பிரும்பு எஞ்சின், அதாவது 'காஸ்ட் அயர்ன்' என்று இன்றும் மதிப்போடு சொல்லப்படுவது. அதில் எஞ்சின் தனி, கியர்பாக்ஸ் தனி. பிறகு 2008, 2009 வாக்கில் யூசிஇ, அதாவது 'யூனிட் கன்ஸ்ட்ரக்ஷன் எஞ்சின்' வந்தது. எஞ்சினும் கியர்பாக்ஸும் ஒரே கூட்டுக்குள். அலுமினிய உடல், எண்ணெய்க் கசிவு குறைவு, பராமரிப்பு சுலபம். பலரும் இதைத்தான் 'புது எஞ்சின், நடுக்கம் இல்லாதது' என்று நினைக்கிறார்கள். ஆனால் 350-இல் அதே 70 மி.மீ. விட்டம், அதே 90 மி.மீ. ஸ்ட்ரோக்தான் தொடர்ந்தது. பேலன்சர் ஷாஃப்ட்டும் கிடையாது. அதனால் யூசிஇ எஞ்சின் உள்ள கிளாசிக் 350 (இதே கம்பெனியின் இன்னொரு 350 சிசி மாடல்) வைத்திருப்பவர் 90-க்கு மேல் கை உதறுகிறது என்று சொன்னால் அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. அவருடைய வண்டியின் எஞ்சின் கூடு புதிது, சமன்செய்யும் முறை பழசு.

இதே கம்பெனி 2016-இல் கொண்டுவந்த 411 சிசி ஹிமாலயன் வண்டியில் பேலன்சர் இருந்தது. 350-க்கு அது வந்தது 2020 நவம்பரில், மீட்டியர் 350 வண்டியோடு. 'ஜே சீரிஸ்' என்று சொல்லப்படும் 349 சிசி எஞ்சின் அது. 2021 செப்டம்பரில் கிளாசிக் 350-க்கும், 2023 செப்டம்பரில் புல்லட் 350-க்கும் அதே எஞ்சினைப் பொருத்தினார்கள். விட்டம் 72 மி.மீ., ஸ்ட்ரோக் 85.8 மி.மீ. ஸ்ட்ரோக் குறைந்தது ஐந்து சதவீத அளவுக்கு மட்டுமே. ஆக, கையில் தெரியும் அந்தப் பெரிய வித்தியாசத்தை ஸ்ட்ரோக் கொண்டுவரவில்லை, பேலன்சர்தான் கொண்டுவந்தது. கிளாசிக்கின் சேசிஸும் மாறியது. முன்பு எஞ்சினுக்கு முன்னால் ஒற்றைக் குழாய் இறங்கும், இப்போது இரண்டு குழாய்கள் இறங்கி எஞ்சினைப் பிடித்திருக்கின்றன.

பேலன்சர் முன்பே தெரிந்திருந்தும் ஏன் வைக்கவில்லை என்று கேட்கலாம். கூடுதல் அச்சு, கூடுதல் பல்சக்கரம், கூடுதல் பேரிங். எல்லாமே செலவு, எடை, உராய்வு. மெதுவாகச் சுற்றும் எஞ்சினுக்கு, மெதுவான சாலைகளில், அது தேவைப்படவில்லை.

சுருக்கமாக: கிராங்கின் எதிர் எடை பாதியைக் கொல்கிறது, எதிர்த் திசையில் சுற்றும் பேலன்சர் மீதிப் பாதியைக் கொல்கிறது. வார்ப்பிரும்பிலும் யூசிஇ 350-இலும் முதல் பாதி மட்டும். ஜே சீரிஸில் இரண்டும்.

பேலன்சருக்கும் சிக்காத மிச்சம்

புதிய வண்டியில் நடுக்கம் சுத்தமாக இல்லை என்பதும் சரியில்லை. கனெக்டிங் ராடு நேராக நிற்காமல் சாய்ந்து சாய்ந்து போவதால், பிஸ்டன் தன் பாதையின் மேல்பாதியில் சற்று வேகமாகவும் கீழ்ப்பாதியில் சற்று மெதுவாகவும் ஓடுகிறது. அந்த ஏற்றத்தாழ்வு, கிராங்கைப்போல இரண்டு மடங்கு வேகமுள்ள ஒரு சிறு நடுக்கத்தைத் தருகிறது. இதை இரண்டாம் நிலை நடுக்கம் என்பார்கள். ஒற்றை சிலிண்டரில் ஒரு பேலன்சர் ஷாஃப்ட் இதைத் தொடாது. எஞ்சினை விரட்டினால் ஃபுட்ரெஸ்ட்டில் மெல்லிய ரீங்காரமாகத் தெரிவதில் இதற்கும் பங்குண்டு.

இதே கம்பெனியின் 650 சிசி இரட்டை சிலிண்டர் வண்டிகள் 2018-இல் வந்தபோது, இரண்டு பிஸ்டன்களையும் 270 பாகை தள்ளி அமைத்தார்கள். ஒன்று உச்சியில் நிற்கும்போது மற்றது பாதி வழியில் இருக்கும். அப்படி அமைத்தால் இரண்டு பிஸ்டன்களின் இரண்டாம் நிலை நடுக்கங்கள் ஒன்றையொன்று ரத்துசெய்துவிடும். மிஞ்சியதை அதிலும் ஒரு பேலன்சர் பார்த்துக்கொள்கிறது. பழைய பிரிட்டிஷ் இரட்டை சிலிண்டர்களில் பெரும்பாலானவற்றில் இரண்டு பிஸ்டன்களும் சேர்ந்தே ஏறி, சேர்ந்தே இறங்கும். சமன் என்று பார்த்தால் அது ஒரு பெரிய ஒற்றை சிலிண்டருக்குச் சமம். அதனால்தான் சிலிண்டர் இரண்டு இருந்தும் அவை நடுங்கின.

அந்த 'டப் டப்' எங்கே போயிற்று

எங்கேயும் போகவில்லை. புல்லட்டில் இருப்பது நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின்: பிஸ்டன் இரண்டு முறை ஏறி இரண்டு முறை இறங்கினால், அதாவது கிராங்கின் இரண்டு சுற்றுக்கு, ஒரு முறைதான் பெட்ரோல் எரியும். ஐட்லிங்கில், அதாவது ஆக்ஸிலேட்டரைத் திருகாமல் எஞ்சின் சும்மா ஓடும்போது, 1000 ஆர்பிஎம் என்றால் நிமிடத்துக்கு 500 முறை, நொடிக்கு எட்டு முறை சொச்சம். பெரிய ஒற்றை சிலிண்டர் என்பதால் ஒவ்வொரு முறையும் தள்ளல் பலமாக இருக்கிறது, இடைவெளி நீளமாக இருக்கிறது. அந்தத் தள்ளலும் இடைவெளியும் சேர்ந்ததுதான் துடிப்பு. பேலன்சர் ஷாஃப்ட் இதில் கை வைப்பதே இல்லை, அது பிஸ்டனின் ஓட்டத்தைச் சமன்செய்வதோடு சரி.

ஆகவே "பேலன்சர் வைத்து புல்லட்டின் தடதடப்பைக் கொன்றுவிட்டார்கள்" என்ற குற்றச்சாட்டை நான் ஏற்க மாட்டேன். சத்தம் மாறியிருப்பது உண்மை. மாசுக்கட்டுப்பாட்டு விதிகள், கார்பரேட்டர் போய் வந்த ஃப்யூவல் இன்ஜெக்‌ஷன், சீரான ஐட்லிங், அடக்கமான சைலன்சர், எல்லாம் சேர்ந்து அதை மாற்றியிருக்கின்றன. பழைய வண்டியில் ஐட்லிங்கை இன்னும் இறக்கி வைத்து அந்த இடைவெளியை நீட்டிக்கொள்ள முடிந்தது. அந்த ஏக்கம் நியாயமானது. ஆனால் அது துடிப்பைப் பற்றிய ஏக்கம். விரல் மரத்துப்போனதற்காக யாரும் ஏங்குவதை நான் பார்த்ததில்லை.

எஞ்சினிலிருந்து விரல் வரை

எஞ்சின் நடுங்குவது ஒன்று, அது உங்கள் கைக்கு எவ்வளவு வருகிறது என்பது இன்னொன்று. நொடிக்கு எத்தனை முறை ஒரு பொருள் அசைகிறது என்பதுதான் அதிர்வெண், அதை அளக்கும் அலகு ஹெர்ட்ஸ். ஹேண்டில்பார், கண்ணாடித் தண்டு, ஃபுட்ரெஸ்ட் என்று ஒவ்வொன்றுக்கும் தட்டினால் தானாக அதிரும் ஓர் அதிர்வெண் உண்டு. எஞ்சினின் நடுக்கம் அந்த எண்ணைத் தொட்டுவிட்டால் அந்தப் பாகம் மட்டும் பேயாட்டம் ஆடும். இதற்கு ஒத்ததிர்வு என்று பெயர். "சரியா 75-லதான் ஹேண்டில் உதறுது, 80 தாண்டினா நின்னுடுது" என்று சொல்வார்களே, பெரும்பாலும் அது இதுதான். ஹேண்டில்பார் முனைகளில் இரும்புக் குண்டுகளை வைப்பது அந்த எண்ணை எஞ்சின் அதிகம் சுற்றும் பகுதியிலிருந்து தள்ளி வைப்பதற்காக, அழகுக்காக அல்ல. கழற்றி எறிந்துவிட்டுப் பிறகு கை வலிக்கிறது என்று வருத்தப்படுபவர்கள் உண்டு.

உடம்பு எல்லா அதிர்வையும் ஒரே மாதிரி வாங்கிக்கொள்வதில்லை. விரல் தோலுக்குக் கீழே இருக்கும் அதிர்வு உணரும் நரம்பு முனைகள் 200, 300 ஹெர்ட்ஸ் பக்கத்தில் மிகக் கூர்மையாக வேலை செய்கின்றன. உட்கார்ந்திருக்கும் உடம்போ, மேல்கீழ் அசைவில் 4 முதல் 8 ஹெர்ட்ஸ் வரை உள்ளதைத்தான் தாங்க முடியாமல் தவிக்கும். வயிறும் முதுகுத் தண்டும் அந்த வேகத்தில் சேர்ந்து ஆட ஆரம்பித்துவிடும்.

இதிலிருந்து உருப்படியான ஒரு பாடம் கிடைக்கிறது. 3000 ஆர்பிஎம்மில் எஞ்சின் நடுக்கம் 50 ஹெர்ட்ஸ், அதன் இரண்டாம் நிலை 100 ஹெர்ட்ஸ். அது விரலையும் பாதத்தையும் படுத்தும், முதுகை அவ்வளவாகத் தொடாது. முதுகைப் பிடிப்பது சாலையின் மெதுவான குலுக்கல். விரல் மரத்தால் எஞ்சின் பக்கம் சந்தேகப்படுங்கள் (பிடியை இறுக்கிப் பிடிக்கும் பழக்கமும் காரணமாக இருக்கலாம்). இடுப்பு பிடித்தால் ஷாக் அப்சார்பர், சீட், உட்காரும் நிலை என்று பாருங்கள். இடுப்பு வலிக்காக எஞ்சினைக் குறை சொல்லி வண்டியை மாற்றியவர்கள் புதிய வண்டியிலும் அதே வலியோடு ஓட்டிக்கொண்டிருப்பார்கள்.

வேகமாகச் சுற்றும் சின்ன எஞ்சின் சில நேரம் பெரிய புல்லட்டைவிட விரலை அதிகம் படுத்துவதற்கும் இதுவே காரணம். அசைவு சிறியது, ஆனால் விரல் கூர்மையாக உணரும் பக்கத்துக்கு நெருங்கி வருகிறது.

குலுக்கல் கணக்கில் பழசுக்கும் மதிப்பெண் உண்டு

ஷாக் அப்சார்பரில் இரண்டு பேர் வேலை செய்கிறார்கள். ஸ்பிரிங் பள்ளத்தின் அடியை வாங்கிக்கொள்கிறது. உள்ளே சிறு துளைகள் வழியே நெருக்கித் தள்ளப்படும் எண்ணெய், அந்த ஆட்டத்தைச் சட்டென்று அடக்குகிறது. ஸ்பிரிங் மட்டும் இருந்தால் வண்டி குதித்துக்கொண்டே போகும். எண்ணெய் கசிந்துபோன பழைய ஷாக்கில் நடப்பது அதுதான். 'கேஸ் ஷாக்' என்றால் காற்று மெத்தை என்று நினைப்பவர்கள் பலர். அதில் இருக்கும் நைட்ரஜன், எண்ணெய் நுரைத்துப்போகாமல் அழுத்திப் பிடிப்பதற்காக. நீண்ட மோசமான சாலையில் ஷாக் சோர்ந்துபோகாமல் இருக்க அது உதவும், மென்மைக்கும் அதற்கும் சம்பந்தம் குறைவு.

கிளாசிக் 350-இல் முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க் குழாய் 35 மி.மீ. தடிமனிலிருந்து 41 மி.மீ. ஆனது. பிரேக் பிடிக்கும்போதும் பள்ளத்தில் விழும்போதும் முன்பக்கம் வளையாமல் நிற்கிறது. ஆனால் பழைய புல்லட்டின் முன்னும் பின்னும் 19 அங்குலச் சக்கரங்கள். பெரிய சக்கரம் பள்ளத்துக்குள் குறைவாக இறங்கும், மேட்டில் மெதுவாக ஏறும். சக்கரங்களோடு ஒப்பிட்டால் ஸ்பிரிங்குக்கு மேலே இருக்கும் எடையும் அதிகம். அந்த விகிதம் கூடக்கூடச் சாலையின் அடி சவாரி செய்பவருக்குக் குறைவாக வரும். கிராமச் சாலையில் பழைய புல்லட் அசையாமல் போகிறது என்று சொல்வதில் இத்தனை இயற்பியல் இருக்கிறது.

ஒப்பிட்டுப் பார்ப்பது எப்படி

30 வருடம் ஓடிய வண்டியையும் ஷோரூமிலிருந்து நேற்று வந்த வண்டியையும் ஒரே தெருவில் ஓட்டிவிட்டுத் தீர்ப்புச் சொல்வதுதான் வழக்கமாக நடக்கிறது. பழைய வண்டியில் எஞ்சினைப் பிடித்திருக்கும் போல்ட்டுகள் தளர்ந்திருக்கும், ரப்பர் புஷ்கள் கல்லாகியிருக்கும், செயின் ஓரிடத்தில் இறுகி ஓரிடத்தில் தொங்கும், கிராங்க் பேரிங் தேய்ந்திருக்கும். அந்த வண்டி புதிதாக இருந்தபோது இவ்வளவு நடுங்கவில்லை. எஞ்சின் போல்ட்டுகளை நல்ல மெக்கானிக்கிடம் சரியான இறுக்கத்துக்கு வைக்கச் சொல்லுங்கள், ஷாக்கையும் செயினையும் பார்க்கச் சொல்லுங்கள். அதன் பிறகு ஒப்பிட்டால்தான் அது எஞ்சினைப் பற்றிய ஒப்பீடு.

ஓட்டிப் பார்க்கும்போது ஒரே சாலை, டாப் கியர். 50, 70, 90 என்று ஒவ்வொரு வேகத்திலும் சில நிமிடங்கள் நிலையாகப் போங்கள். கண்ணாடி எந்த வேகத்தில் கலங்குகிறது, எந்த வேகத்தில் தெளிகிறது என்று பாருங்கள். ஷோரூம் வாசலிலிருந்து அடுத்த சிக்னல் வரை ஓட்டிப் பார்த்தால் ஐட்லிங் துடிப்பு மட்டும்தான் தெரியும்.

நடுக்கம் எங்கிருந்து வருகிறது என்று பிரித்தறிய மெக்கானிக்குகள் செய்யும் ஒரு சோதனை உண்டு. ஆளில்லாத நேர்ச்சாலையில், உதறும் அந்த வேகத்தில் கிளட்ச்சைப் பிடித்து ஆக்ஸிலேட்டரை விட்டுவிடுங்கள். வண்டி அதே வேகத்தில் உருளும், எஞ்சின் ஐட்லிங்குக்கு இறங்கிவிடும். உதறல் உடனே நின்றால் எஞ்சின் பக்கம்தான் காரணம். கிளட்ச் பிடித்த பிறகும் ஹேண்டில் உதறிக்கொண்டே இருந்தால், பேலன்சர் இருக்கிறதா இல்லையா என்ற பேச்சை விட்டுவிட்டு டயர், ரிம் கோணல், சக்கர பேரிங், கோன் செட் (ஹேண்டில் திரும்பும் இடத்தில் இருக்கும் பேரிங்) ஆகியவற்றைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.